சிந்தனைப் பொறிக்குக் கருவி செய்தோர்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இக்கூட்டத்திற் பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டபொழுது, செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசினால் இளைஞர் விரும்பிக் கேட்பர் என்றார். அதனைப் பற்றிப் பேசாதார் இன்று எவருமிலர். பத்திரிகையைத் திறந்தாலும் அதுவே. தேநீர்க் கடையில் அமர்ந்தாலும் அதுவே. ஆதலின், பலரும் பேசாத ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ள எண்ணினோம். மனிதன் எவ்வாறு சிந்திக்கின்றான் என்பதை ஆராயும் துறைக்கு அறிகை விஞ்ஞானம் என்று பெயர். சிந்திக்கும் பொறியை ஆக்க முயல்வது செயற்கை நுண்ணறிவுத் துறை. இவ்விரண்டுக்கும் பின்னே நின்று, வேண்டிய மென்பொருளை எழுதிக்கொடுப்போர் சிலர் உளர். அவர்களுடைய தொழிலைப் பற்றியதே இன்றைய பேச்சு.

இத்தலைப்பை எடுத்தமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு திருமண வீட்டிற் பெரியவர் ஒருவர் எம்மை அருகில் அழைத்து, “தம்பி, நீர் ஆராய்ச்சி செய்யிறவரோ, இல்லாட்டி ஆராய்ச்சி செய்யிறவைக்கு ரைப் அடிச்சுக் குடுக்கிறவரோ?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை; அறிய விரும்பியே கேட்டார். சுற்றி நின்றோர் சிரித்தனர். எமக்கு அப்பொழுது தக்க மறுமொழி வரவில்லை. அப்பெரியவர் இச்சபையிலும் அமர்ந்திருக்கின்றார். தாமதமாகவேனும் அவருக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்தின் கடற்கரையோரமாக, சாந்தா மொனிக்கா என்றொரு நகர் உண்டு. ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேயுள்ளது. 1950-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் அமெரிக்க விமானப் படைக்காகப் பல ஆராய்ச்சிகளை நடத்தியது. வான் பாதுகாப்பு நிலையமொன்றில் வேலைசெய்வோர் நெருக்கடி வேளையில் ஒருவரோடொருவர் எவ்வாறு ஒத்துழைக்கின்றனர் என்பதைக் கண்டறிதல் அவற்றுள் ஒன்று. அதற்கெனப் போலி நிலையமொன்றை அமைத்தனர். அங்கு அமர்ந்திருப்போருக்குப் போலி றேடார்ப் படங்கள் வேண்டும். விமானப் புள்ளிகள் நேரத்துக்கு நேரம் இடம்பெயர வேண்டும். இத்தனை படங்களையும் கையால் வரைதல் ஆகுமா? அலன் நியூவெல் என்ற இளம் ஆராய்ச்சியாளரும், கிளிவ் ஷா என்ற செய்நிரலாளரும் சேர்ந்து, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கணிக்கும் பொறியொன்றைக்கொண்டு அப்படங்களை அச்சிட வழி கண்டனர்.

பார்வைக்கு இது சிறு காரியமே. ஆனால், 1952-இல் ஆலோசகராக அங்கு வந்த ஹேர்பேட் சைமன் என்னும் பேராசிரியருடைய கண்ணுக்கு அது சிறிதாகத் தோன்றவில்லை. அலுவலகங்களிலே மனிதர் எவ்வாறு முடிவுக்கு வருகின்றனர் என்று ஆராய்ந்தவர் அவர். கூட்டவும் பெருக்கவும் என்று செய்யப்பட்ட பொறி, இடத்தைக் குறிக்கும் அடையாளங்களைத் தாளில் அச்சிட்டுத் தந்ததைக் கண்டார். எண்ணைக் கையாள்வது போலவே எந்தக் குறியீட்டையும் இது கையாளவல்லது என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. குறியீட்டைக் கையாளலாமெனின், சொல்லைக் கையாளலாம். சொல்லைக் கையாளலாமெனின், நினைப்பையும் கையாளலாம் அன்றோ? ஒரு பெரிய துறையின் வித்து, வேறொரு வேலைக்காக எழுதப்பட்ட செய்நிரலிலிருந்து விழுந்தது. ஆராய்ச்சி வரலாற்றில் இப்படி நிகழ்வது அரிதன்று.

1954-இல் ஒலிவர் செல்ஃபிரிட்ஜ் என்பவர் ராண்டுக்கு வந்து, எழுத்துக்களின் வடிவை இனங்காணும் செய்நிரலொன்றைப் பற்றிப் பேசினார். அப்பேச்சைக் கேட்ட நியூவெல், இனித் தம் வாழ்நாட் பணி இதுவே எனத் தீர்மானித்தார். அடுத்த ஆண்டு, சைமன் கற்பித்த கார்னெகி தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அது பிற்ஸ்பேர்க் நகரில், அமெரிக்காவின் மறுபக்கத்தில் உள்ளது. ஷாவோ சாந்தா மொனிக்காவிலேயே இருந்தார். கணினி அங்கேதான் இருந்தது. மூவரும் தொலைபேசியாலும் தொலையச்சாலும் உரையாடி வேலைசெய்தனர். இன்று கடல் கடந்த நாட்டிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் எம்மவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. அக்காலத்தில் நெடுந்தூரத் தொலைபேசிக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பெரியோர் அறிவர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை யாது? வைற்ஹெட், பேட்றண்ட் றசல் என்னும் இருவர் 1910 முதல் 1913 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘பிரின்சிபியா மதமற்றிகா’ என்னும் பெருநூலில், அளவையியற் தேற்றங்கள் பல நிறுவப்பட்டுள்ளன. அத்தேற்றங்களைத் தானே நிறுவும் பொறியை ஆக்குவதே நோக்கம். எல்லா வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்ப்பின் யுகம் கழிந்தாலும் முடியாது. மனிதன் அப்படிச் செய்வதில்லை. நிறுவ வேண்டியதை முன்வைத்துக்கொண்டு, ‘இது வரவேண்டுமாயின் இதற்கு முன் எது வந்திருக்க வேண்டும்?’ என்று பின்னோக்கிப் போகின்றான். பயன்தராதெனத் தோன்றும் வழியை விட்டுவிடுகின்றான். அந்தச் சூட்சுமங்களையே பொறிக்குக் கற்பிக்க விரும்பினர். இதற்கு ‘லொஜிக் தியறிஸ்ற்’ என்று பெயரிட்டனர். அளவையியற் கொள்கையாளன் என நாம் கூறலாம்.

1955 டிசம்பர் 15-ஆந் திகதியையே இவ்வெண்ணம் பிறந்த நாளாகச் சைமன் பின்னாளிற் குறித்தார். ஆனால் அன்று கணினியில் ஓடக்கூடிய செய்நிரல் எதுவும் இல்லை. ஆதலின் 1956 சனவரியில் சைமன் ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தார். தம் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சில மாணவர்களையும் ஒன்றுசேர்த்து, ஆளுக்கோர் அட்டையைக் கையிற் கொடுத்தார். ஒவ்வோர் அட்டையும் செய்நிரலின் ஓர் உறுப்பு. அட்டையில் எழுதியதை எழுதியவாறே செய்ய வேண்டும். சொந்தப் புத்தியைப் பயன்படுத்தலாகாது. பிள்ளைகளும் பெரியோருமாகச் சேர்ந்து ஒரு கணினியாயினர்! தேற்றம் நிறுவப்பட்டது. தாம் செய்தது அளவையியல் என்பதை அறியாமலே அப்பிள்ளைகள் அதனைச் செய்தனர். நூலிலும் கதையிலும் இந்தப் பகுதியையே விரும்பிச் சொல்வர். யாமும் விரும்பியே சொல்கின்றோம். ஆனால், எமது பேச்சுக்குரிய பகுதி இதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

அட்டை பிடித்த பிள்ளைகளைக் கணினிக்குள் வைப்பது எப்படி? அது ஷாவின் தலையில் விழுந்த வேலை.

ராண்டில் இருந்த கணினிக்கு, ஜோன் வொன் நொய்மன் என்னும் கணித மேதையின் பெயரால் ‘ஜோனியாக்’ என்று பெயரிட்டிருந்தனர். அதன் நினைவகத்தில் 4,096 அறைகள். அறைக்கு 40 துணுக்குகள். இன்றைய கணக்கிற் கூறின், ஏறக்குறைய 20,000 எழுத்துக்களுக்கான இடம். இங்கிருக்கும் இளைஞர் தம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தைச் சேமிக்கவே இதனைப் போல் நூறு மடங்கு இடம் வேண்டியிருக்கும். இடம் சிறிது என்பது ஒரு தொல்லை. அதனினும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கணக்குப் போடுவதாயின் எவ்வளவு இடம் வேண்டுமென முன்னரே தெரியும். ஐம்பது எண்ணைக் கூட்ட ஐம்பது அறை ஒதுக்கலாம். நிறுவலைத் தேடும்பொழுது அப்படி ஒதுக்க இயலாது. ஒரு வழி மூன்று படியில் முடியும். இன்னொன்று முப்பது படிக்கு வளரும். மற்றொன்று பாதியிற் கைவிடப்படும். எது எவ்வளவு வளரும் என்று முன்கூட்டி எவர் அறிவார்?

திருமண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஐந்து இருக்கை எனத் தொடர்ச்சியாக ஒதுக்கி வைக்கின்றோம். ஒரு குடும்பத்திலிருந்து எட்டுப் பேர் வந்துவிட்டனர். இன்னொன்றிலிருந்து இருவரே வந்தனர். ஒருபுறம் ஆட்கள் நிற்கின்றனர். மறுபுறம் இலை வெறிதே கிடக்கின்றது. நியூவெல், ஷா, சைமன் ஆகிய மூவரும் கண்ட வழி இது: எவரும் எங்கு இடமுண்டோ அங்கு அமரலாம்; ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்க வேண்டும். ‘எனக்கு அடுத்தவர் இன்ன இருக்கையில் இருக்கின்றார்’ என்று அதில் எழுதியிருக்கும். குடும்பத் தலைவர் எங்கே என்பது தெரிந்தாற் போதும். துண்டைப் பார்த்துப் பார்த்து முழுக் குடும்பத்தையும் கண்டுபிடிக்கலாம். புதிதாக ஒருவர் வந்தால், கிடைத்த இடத்தில் அமர்த்தி, ஒரு துண்டை மட்டும் திருத்தினாற் போதும். எவரையும் எழுப்ப வேண்டுவதில்லை. எழுந்து போனவருடைய இருக்கையை வெற்றிடங்களின் வரிசையிற் சேர்த்துவிடலாம். வெற்றிடங்களும் இப்படித் துண்டினாற் கோக்கப்பட்ட ஒரு குடும்பமே.

கணினி படித்த இளைஞர் இதனை உடனே இனங்கண்டிருப்பர். ‘இணைப்புப் பட்டியல்’ என்று முதலாண்டு வகுப்பிற் கற்கின்றார்களே, அதுவேதான். அது பிறந்த இடம் இது. இப்பட்டியல்களைக் கையாளுவதற்கென அம்மூவரும் வகுத்த செய்நிரல் மொழிக்கு ஐ.பி.எல். என்று பெயர். (ஐ.பி.எல். என்றதும் சிலருடைய முகம் மலர்கின்றது. இது கிரிக்கெற் அன்று.) ஜோனியாக்கில் அம்மொழியை உயிர்பெறச் செய்து, லொஜிக் தியறிஸ்றை அதில் ஓடவைத்தவர் ஷா.

1956 ஓகஸ்ற் மாதத்தில் ஜோனியாக் தன் முதலாவது முழு நிறுவலை அச்சிட்டது. அந்நூலின் இரண்டாம் அத்தியாயத்திலுள்ள முதல் 52 தேற்றங்களுள் 38-ஐ அச்செய்நிரல் நிறுவிற்று. சிலவற்றுக்குச் சில செக்கன். சிலவற்றுக்குப் பல நிமிடம். ஒரு தேற்றத்துக்கு நூலாசிரியர் தந்ததைவிட நேர்த்தியான நிறுவலையும் கண்டுபிடித்தது. சைமன் இதனைக் கடிதமூலம் றசலுக்கு அறிவிக்க, அவரும் மகிழ்ந்து மறுமொழி எழுதினார். அந்நிறுவலை, செய்நிரலையும் ஓர் ஆசிரியராகச் சேர்த்து, ஓர் அளவையியற் சஞ்சிகைக்கு அனுப்பினர். சஞ்சிகை அதனை ஏற்கவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பர் 11-ஆந் திகதி, மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்த கருத்தரங்கில் நியூவெலும் சைமனும் இதனை விளக்கினர். அதே நாளில், அதே மேடையில், நோம் சொம்ஸ்கி மொழியைப் பற்றிப் பேசினார். சபையில் இருந்த உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர், அறிகை விஞ்ஞானம் பிறந்த நாள் அந்நாளே எனப் பின்னர் எழுதினார். கருத்தரங்கின் கட்டுரை அச்சில் வந்தபொழுது, தலைப்பின் கீழ் இரு பெயர்களே இருந்தன: நியூவெல், சைமன்.

இதனைக் குற்றச்சாட்டாக யாம் கூறவில்லை. அவ்விருவரும் ஷாவின் பங்கை ஒருபொழுதும் மறைத்தவரல்லர். 1957-இல் வந்த அடுத்த கட்டுரையில் மூவர் பெயரும் உள்ளன. செய்நிரலை எழுதிய விதம் பற்றி நியூவெலும் ஷாவும் தனிக் கட்டுரையே எழுதினர். மனிதன் பிரச்சினைகளைத் தீர்க்கும் விதம் பற்றி 1958-இல் ஓர் உளவியற் சஞ்சிகையில் வந்த புகழ்பெற்ற கட்டுரையும் மூவருடையதே. ஆயினும் 1975-இல் கணினித் துறையின் மிகப் பெரிய விருதாகிய ரியூறிங் விருது இருவருக்கே சென்றது. விருதுரையில் ஷாவின் பெயர் ஒத்துழைத்தவர் என்ற அளவில் வருகின்றது. 1978-இல் சைமன் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். ஷாவின் பெயரை இச்சபையில் எத்தனை பேர் இதற்கு முன் கேள்வியுற்றிருப்பீர்கள்? கணினியையே தொழிலாகக்கொண்ட யாமும் நெடுங்காலம் கேள்வியுற்றிலோம்.

பெரியவருடைய வினாவை இப்பொழுது எடுத்துக்கொள்வோம். ஷா செய்தது ரைப் அடிக்கும் வேலையா? 1958-ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுவது என்ன? மனித நினைவாற்றலிலே குறியீடுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் கிடக்கின்றன. ஒன்று மற்றொன்றை நினைவூட்டுகின்றது. இவ்வாறு வகுத்த செய்நிரலே மனிதச் செயலை விளக்கும் கொள்கை என்கின்றது. ‘எனக்கு அடுத்தவர் இன்ன இருக்கையில்’ என்ற துண்டு, இடநெருக்கடியைத் தீர்க்க வந்த துண்டு, மனத்தைப் பற்றிய கொள்கையின் உட்பொருளாக மாறிவிட்டது. கருவி எங்கே முடிந்தது, கொள்கை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க எம்மால் முடியவில்லை. கிழிக்க முடியுமென்று கூறுவோர் செய்நிரல் எழுதிப் பார்த்தவராக இருத்தல் அரிது என்பது எமது துணிபு.

இப்பட்டியல் வழியிலும் ஒரு குறை இருந்தது. எந்த இருக்கை வெறிதாயிற்று என்பதைச் செய்நிரல் எழுதுபவரே கவனிக்க வேண்டும். ஒருவர் இரு குடும்பத்துக்கும் உறவினராயின் தொல்லை பெரிது. ஒரு குடும்பம் போயிற்றென்று அவரை எழுப்பினால் மற்றக் குடும்பத்தின் தொடர் அறுந்துபோம். 1956 கோடையில் டார்ட்மத் கல்லூரியில் நடந்த சந்திப்பிலே பட்டியல் முறையை அறிந்த ஜோன் மக்கார்தி, அம்முறையை விரும்பினார், ஐ.பி.எல். மொழியின் தோற்றத்தை விரும்பவில்லை. அவர் 1958 முதல் உருவாக்கிய லிஸ்ப் மொழியிலே, பந்தியில் இலை எடுப்பவரைப் போன்ற ஓர் ஏற்பாடு உண்டு. இடம் போதாதபொழுது அது தானே சுற்றிவந்து, எவருடைய துண்டிலும் குறிக்கப்படாத இருக்கைகளையெல்லாம் வெற்றிடமாக்கிவிடும். அம்மொழியின் கதையிலும் ஒரு ஷா உண்டு. லிஸ்ப் மொழிக் கோவைகளின் பெறுமானத்தைக் காணும் விதியொன்றை, கோட்பாட்டை விளக்குவதற்காக மட்டுமே மக்கார்தி தாளில் எழுதியிருந்தார். ஸ்டீவ் றசல் என்ற இளைஞர் அதனைக் கணினியில் எழுதிவிடுகின்றேன் என்றார். ‘நீர் கோட்பாட்டையும் நடைமுறையையும் போட்டுக் குழப்புகின்றீர்’ என்னும் கருத்துப்படத் தாம் மறுமொழி கூறியதாக மக்கார்தியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். றசல் கேட்கவில்லை, ஐ.பி.எம். 704 கணினியின் பொறிமொழியில் அதனை எழுதி முடித்தார். லிஸ்ப் அன்றே உயிர்பெற்றது.

இனி எம்முடைய சொந்தக் கதையொன்று, பெருமைக்குரியதன்று. சில ஆண்டுகளுக்கு முன், மனிதர் ஒரு சொல்லை எவ்வளவு விரைவில் வாசித்து உணர்கின்றனர் என்று ஆராய்ந்த ஒரு மாணவிக்கு யாம் செய்நிரல் எழுதிக்கொடுத்தோம். சொல்லைத் திரையில் 40 மில்லிசெக்கன் காட்டி மறைக்க வேண்டும். யாமும் 40 என்று எழுதினோம். செய்நிரலும் முறைப்பாடின்றி ஓடிற்று. ஆனால் சாதாரணத் திரை செக்கனுக்கு 60 தடவையே படத்தை மாற்றும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். ஆகவே அத்திரை ஒரு சொல்லை 33 மில்லிசெக்கன் காட்டலாம், 50 காட்டலாம். 40 காட்டவே இயலாது. எமது செய்நிரல் ஒருதரம் இரண்டு தடவையும் மறுதரம் மூன்று தடவையுமாகக் காட்டியிருக்கின்றது. நண்பரொருவர் ஒளியுணரியொன்றைத் திரையில் ஒட்டி அளந்த பின்னரே இது வெளிப்பட்டது. அதற்குள் இரண்டு மாதப் பரிசோதனை முடிந்திருந்தது. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. அப்பெண் எம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். கடிந்து கூறியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினேழு மில்லிசெக்கன் பெரிதா என்று கேட்கலாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜோன் அண்டர்சன் என்பார் உருவாக்கிய ‘அக்ற்-ஆர்’ என்னும் அறிகைக் கட்டமைப்பு, மனத்தின் ஓர் அடிப்படைப் படிக்கு 50 மில்லிசெக்கன் ஆகுமெனக் கொள்கின்றது. அக்கணக்கின்படி, யாம் தவறவிட்டது ஒரு சிந்தனைப் படியின் மூன்றிலொரு பங்கு. அந்த அக்ற்-ஆரும் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட ஒரு மென்பொருளே. நியூவெல் தம் மாணவரோடு 1980-களில் உருவாக்கிய ‘சோர்’ என்னும் கட்டமைப்பும் முதலில் லிஸ்ப் மொழியிலேயே இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதனை வேகத்துக்காக ‘சீ’ மொழிக்கு மாற்றினர். அப்பொழுது அக்கட்டமைப்பு முழுவதையும் ‘இசெட்’ என்னும் கணிதக் குறியீட்டு முறையில் வரிவரியாக எழுதிக்கொண்டனர். பழைய செய்நிரல் செய்வதில் எது கொள்கை, எது எழுதியவரின் வசதிக்காக நேர்ந்தது என்று பிரித்தறியாமல் இன்னொரு மொழியில் எழுதுவது எப்படி? எமக்கு இது மிகவும் பிடித்த செய்தி. மனத்தைப் பற்றிய ஒரு கொள்கை உண்மையில் யாது கூறுகின்றது என்பதைத் தெளிவாக்க, மென்பொருளை மாற்றி எழுதும் வேலை உதவியிருக்கின்றது.

பிழையின் விலை எப்பொழுதும் இரண்டு மாதத்தோடு நிற்பதில்லை. மூளையின் எந்தப் பகுதி எப்பொழுது தொழிற்படுகின்றது என்பதைக் காந்தப் பொறியாற் படம்பிடித்து ஆராய்வதை அறிவீர்கள். அப்படங்களைப் பகுத்தாராய உலகெங்கும் மூன்று மென்பொருள்களையே பெரிதும் பயன்படுத்திவந்தனர். 2016-இல் சுவீடனையும் இங்கிலாந்தையும் சேர்ந்த எக்லுண்ட், நிக்கல்ஸ், நுட்சன் என்னும் மூவர் அம்மூன்றையும் சோதித்தனர். எவ்வேலையும் செய்யாது வெறுமனே படுத்திருந்த 499 பேருடைய படங்களை எடுத்து, அவர்கள் ஏதோ வேலைசெய்ததாகப் பாவனைபண்ணி, மென்பொருளுக்குக் கொடுத்தனர். நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் ‘இங்கே ஏதோ உண்டு’ என்று அது கூறலாகாது. சில முறைகளில் நூற்றுக்கு எழுபது வரை கூறிற்று. முதற் காரணம் புள்ளிவிவரவியலின் ஓர் எடுகோள் பொருந்தாமை. அதனோடு, அம்மென்பொருள்களுள் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதிருந்த ஒரு செய்நிரற் பிழையும் அச்சோதனையிலேயே வெளிப்பட்டது. பதினைந்து ஆண்டு! அறிவிற் குறைந்தவர் அதனைப் பயன்படுத்தவில்லை. பேராசிரியரும் கலாநிதிகளுமே பயன்படுத்தினர். விடையைப் பார்த்தார்கள், விடை வந்த வழியைப் பார்க்கவேண்டியது எவருடைய வேலை என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்த வேலைக்கு ஒரு பெயர்தானும் 2012 வரை இல்லை. அவ்வாண்டு இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோட் நகரில் நடந்த ஒரு பயிலரங்கில், பல்கலைக்கழகங்களிலே கட்டுரை எழுதாது மென்பொருள் எழுதுவோர் சிலர் கூடி, தமக்கு ‘ஆராய்ச்சி மென்பொருட் பொறியியலாளர்’ என்று பெயரிட்டுக்கொண்டனர். கட்டுரைகளை எண்ணியே பதவி வழங்கும் இடத்தில், கட்டுரை எழுதாதவருக்குப் பதவி உயர்வு இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் போய்விடுவார். அவர் எழுதியதை விளங்கிக்கொள்ள எவருமிரார். இப்பெயர் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. 2019-இல் அங்கே அவர்களுக்கென ஒரு சங்கமே பதிவுபெற்றது.

எழுதியவர் போனபின் செய்நிரலுக்கு என்ன நேரும் என்பதற்கு எலைசாவின் கதை போதும். மனிதரோடு மனநல ஆலோசகரைப் போல உரையாடும் அச்செய்நிரலைப் பற்றி ஜோசப் வைசன்பாம் என்பார் 1966-இல் எழுதினார். அதனைப் பார்த்து உலகெங்கும் பலர் தத்தம் மொழியில் எலைசாக்களைச் செய்தனர். மூலச் செய்நிரலோ அரை நூற்றாண்டுக்கு மேல் எவருக்கும் எட்டவில்லை. 2021-இல் மசாசூசெற்ஸ் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில், அவருடைய பழந்தாள்களுக்கிடையே அது அகப்பட்டது. விடுபட்ட பகுதிகளைச் சரிசெய்து, பழங்கணினியைப் போல நடிக்கும் மென்பொருளொன்றில் 2024 டிசம்பரில் அதனை மீண்டும் ஓடவைத்தனர். அதுவும் பட்டியல்களாலானதே, ஷாவின் துண்டுகள் அதிலும் இருந்தன.

ஷாவைப் பற்றி இன்னுமொன்று. 1963-இல் அவர் அதே ஜோனியாக்கில் ‘ஜொஸ்’ என்னும் ஒழுங்கொன்றை அமைத்தார். செய்நிரல் எழுதத் தெரியாத ஆராய்ச்சியாளர் தம் அறையிலிருந்தே தட்டச்சுப் பொறியால் கணினியோடு நேரே பேசலாம். ஒரே கணினி பலருக்கு ஒரேவேளையில் மறுமொழி கூறும். ஒருவர் எழுதியது விளங்காவிடின் அது நீண்ட பிழைப்பட்டியல் எதனையும் அச்சிடாது. “ஏ?” என்று மட்டும் கேட்கும். காது சற்றுக் கேளாத தாத்தா ஒருவர் திருப்பிக் கேட்பதைப் போல! தம் துணையின்றியே பிறர் வேலைசெய்யக்கூடிய கருவியைச் செய்துவைத்த மனிதரின் உள்ளம் அந்த ஓரெழுத்திற் புலப்படுகின்றது. அவர் 1991-இலும் நியூவெல் 1992-இலும் சைமன் 2001-இலும் காலமாயினர்.

இளைஞர் இன்று காணும் செயற்கை நுண்ணறிவு, பட்டியல் வழியில் வந்ததன்று. நரம்பு வலைப்பின்னல் என்னும் வேறு வழியில் வந்தது. அங்கும் இதே கதைதான், ஒரு வேறுபாட்டோடு. படங்களை இனங்காணும் வலைப்பின்னலின் கருத்தை யப்பானியரான ஃபுகுஷிமா 1980-இலேயே வெளியிட்டார். யான் லெகுன் 1989-இல் அதனைக் கையெழுத்து இலக்கங்களை வாசிக்கப் பயன்படுத்தினார். கருத்து இருந்தது, பெரிய அளவில் ஓடவைக்கும் செய்நிரல் இல்லை. 2012-இல் ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிறிஷெவ்ஸ்கி, விளையாட்டுப் படங்களுக்கென விற்கப்படும் இரு வரைகலை அட்டைகளை வாங்கித் தம் பெற்றோர் வீட்டு அறையில் வைத்து, அவற்றில் வேகமாக ஓடும் செய்நிரலைத் தாமே எழுதினார். ஓர் அட்டையின் நினைவகம் 3 கிகாபைற்று. வலைப்பின்னல் அதற்குள் அடங்கவில்லை. ஆதலின் அதனை இரண்டாகப் பிரித்து, அட்டைக்குப் பாதியாக வைத்தார். மீண்டும் பந்தியில் இடநெருக்கடி! 12 இலட்சம் படங்களைக்கொண்டு ஐந்தாறு நாட்கள் பயிற்றினார். அவ்வாண்டுப் போட்டியில், இரண்டாமிடம் பெற்றவரின் பிழை நூற்றுக்கு 26.2, இவருடையது 15.3. அவருடைய ஆசிரியர் ஜெஃப்ரி ஹின்ரன் 2024-இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆயினும் அந்தக் கட்டுரையில் முதலாவதாக நிற்பது கிறிஷெவ்ஸ்கியின் பெயர். அந்த வலைப்பின்னலையும் ‘அலெக்ஸ்நெற்’ என்று, எழுதியவரின் பெயராலேயே உலகம் அழைக்கின்றது.

ஜோனியாக் 1966 பெப்ரவரி 11-ஆந் திகதி நிறுத்தப்பட்டது. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்திலே இன்று அது நிற்கின்றது. அதே அருங்காட்சியகம் 2025 மார்ச் மாதத்தில் அலெக்ஸ்நெற்றின் மூலச் செய்நிரலை, கிறிஷெவ்ஸ்கி எழுதியவாறே, எவரும் படிக்கும்படி வெளியிட்டது. கட்டணம் எதுவும் இல்லை. எம்மிடம் ஒரு பிரதி உண்டு. சில பகுதிகள் எமக்கு இன்னும் விளங்கவில்லை. சேர்ந்து படிக்க விரும்பும் இளைஞர், கூட்டம் முடிந்ததும் எம்மை வந்து காணலாம். பெரியவரும் வரலாம்.